என் கணவருக்கு வந்த தட்டம்மை

எங்கள் வீட்டில் துண்டு துவைப்பது நான்தான். நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு இதுதான் பதில், மிஸ் பெட்டிக்ரூ. சட்டை, போர்வை, காலுறை எல்லாவற்றையும் என் கணவர் வேட் துவைப்பார், குறை சொல்ல முடியாது. துண்டை மட்டும் அவரிடம் விடுவதில்லை. அவர் மடித்தால் மூலையோடு மூலை சேராது.

உங்கள் சுகாதார அலுவலகப் படிவத்தில், "நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்" என்று அச்சடித்துவிட்டுக் கீழே நான்கு கோடு மட்டும் விட்டிருக்கிறீர்கள். நான்கு கோட்டில் அடங்குகிற விஷயமில்லை இது. அதனால் தனித்தாள்கள் இணைத்திருக்கிறேன். மட்ரோன் மேட்டுப் பள்ளிப் பெற்றோர்களில் சிலர் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். நிதானமாக உட்கார்ந்து, தேநீர் போட்டு வைத்துக்கொண்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறேன். நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்.

எங்கள் பள்ளி சின்னப் பள்ளி. நீங்கள் வந்தபோது கால் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், ஆட்டுத்தோல் விரிப்பில் உட்கார வைத்தார்கள், உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். நாங்கள் பழகிவிட்டோம். பிள்ளைகள் தேன்மெழுகுக் கட்டியால் வரைவார்கள், கம்பளி பின்னுவார்கள், செவ்வாய்க்கிழமை சூப் காய்ச்சுவார்கள். வசந்தம் வந்தால் ஒவ்வொரு வகுப்பும் ஒரு நாடகம் போடும். இந்த வருடம் நான்காம் வகுப்புக்குத் தேனீ ராணி நாடகம். வகுப்பாசிரியர் ஆன்செல்ம் சாரே எழுதியது. ராணிக்கு நூற்று நாற்பது வரி வசனம். அதற்கு அடுத்த பெரிய வேடம் கரடி, அதற்குப் பதினாறு வரி.

ராணி வேடம் இண்டிகோ ஓர்லாஃப் என்ற பெண்ணுக்குப் போயிற்று. என் மகள் மார்கிட்டுக்கு மழை கிடைத்தது.

மழை என்றால் ஒன்றுமில்லை. திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, நீளமான மூங்கில் குழாயில் அரிசியைப் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு ஆள் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். மார்கிட் அன்று மாலை காரில் ஏறியதும் சொன்னாள்.

"அம்மா, எனக்கு மழை. நான் எப்ப நிறுத்துறேனோ அப்பதான் மழை நிக்கும். ஆன்செல்ம் சாரே சொல்லிட்டாரு."

"ராணி வேஷம் கேட்டியா?"

"இல்லையே. அதுக்கு எல்லாரும் பாக்குற இடத்துல நிக்கணும்."

அவள் முகம் பளபளவென்று இருந்தது. ஏமாற்றத்தை உள்ளே அமுக்கி வைக்கிற பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பளபளப்பு வரும். பெற்றவளுக்குத் தெரியாதா. அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் இரண்டாம் முறை உருளைக்கிழங்கு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். துக்கத்தில் சிலருக்குப் பசி அதிகமாகும்.

இதற்கும் என் சிறுவயதுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று வேட் பிறகு கேட்டார். கிடையாது. நான் நான்காம் வகுப்பு நாடகத்தில் மரமாக நின்றேன். முக்கால் மணி நேரம், கையைத் தூக்கியபடி. நன்றாகவே நின்றேன், அதைப் பற்றி எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. நடுவில் நின்ற இளவரசியின் பெயர் லொரெட்டா ஸ்டைல்ஸ், அவளுடைய உடுப்பில் நாற்பத்திரண்டு வெள்ளிப் பொட்டு இருந்தது. அதோடு அந்த விஷயம் முடிந்தது.

ஆன்செல்ம் சாரைப் போய்ப் பார்த்தேன். பாவம், சண்டை என்றாலே அவருக்குக் காது சிவந்துவிடும்.

"மார்கிட்டுக்கு ராணி வசனம் அத்தனையும் மனப்பாடம்ங்க," என்றார். "மழை இல்லாத நேரத்துல மத்த பிள்ளைங்களுக்கு அவதான் எடுத்துக் குடுக்குறா. இண்டிகோவுக்கு ஏதாவது ஆச்சுன்னா மார்கிட்தான் ராணி. போதுமா?"

அவர் என்னை அனுப்பி வைப்பதற்காகச் சொன்னார். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

இண்டிகோவுக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்த அளவுக்குக் கெட்டவள் இல்லை நான். அவள் பள்ளியை விட்டுப் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். அதற்கு வழி தானாக வந்தது, தடுப்பூசிப் பிரச்சினையில்.

எங்கள் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையைக் காட்ட வேண்டும். காட்ட விருப்பமில்லையென்றால் படிவத்தைத் திருப்பிப் போட்டு, 'என் நம்பிக்கைக்கு இது ஒவ்வாது' என்ற வரிக்குக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அதுதான் விலக்கு. நான்காம் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள், அதில் பதினொரு பேருக்கு விலக்கு. சரிபாதி. குளிர்காலத்தில் ரஸ் என்ற பொறியாளர் அப்பா ஒருவர் இதை வரைபடம் போட்டு எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். அவ்வளவுதான், பள்ளி இரண்டுபட்டது. விலக்கை ஒழிக்க வேண்டுமா, வைத்துக்கொள்ள வேண்டுமா என்று புதன்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்குப் பெற்றோர் கூட்டம்.

எங்கள் கூட்டங்களில் கம்பளியால் செய்த பூசணிக்காய் ஒன்று கைமாறும். அது யார் மடியில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம். விலக்குக் கட்சிக்குத் தலைமை இண்டிகோவின் அம்மா டாம்ஸின். பூசணிக்காய் அவள் மடிக்குப் போனால் திரும்பி வர நாற்பது நிமிடமாகும்.

"என் பொண்ணு உடம்பு ஒரு தோட்டம்," என்பாள். "அதுல என்ன விதைக்கணும்னு அரசாங்கம் எனக்குச் சொல்ல வேண்டாம்."

ரஸ் பூசணிக்காயைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "உங்க வீட்டு நாய்க்கு எல்லா ஊசியும் போட்டிருக்கீங்களே. கழுத்துப்பட்டையில வில்லை தொங்குதே."

"அது நாய்க் காப்பகத்தோட விதி."

"விலக்குக் கேக்கறதுதானே?"

"கேட்டுப் பாத்தேன். அவங்க விலக்கே குடுக்கறதில்ல, ரொம்பக் கறாரு."

அன்றைக்கு நான் சிரித்ததை டாம்ஸின் மறக்கவில்லை. போகிறபோது வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எழுதி வச்சுக்கோங்க. விலக்கு இல்லைன்னு நீங்க முடிவு பண்ற அன்னிக்கே இண்டிகோவைக் கூட்டிட்டுக் கிளம்பிடுவேன். அன்னிக்கேன்னா அன்னிக்கே."

அதுவரைக்கும் தடுப்பூசி விஷயத்தில் எனக்குக் கருத்து என்று ஒன்றும் கிடையாது. மார்கிட்டுக்கு எல்லாம் வேளாவேளைக்குப் போட்டாயிற்று, அதோடு மறந்துவிட்டேன். அந்த வாசலில் நின்றபோது எனக்குக் கருத்து வந்தது. மிக உறுதியான கருத்து.

ஒரு வாரத்தில் ஒன்பது புத்தகம் படித்தேன். எந்த ஊருக்கு எந்த ஆண்டு எந்த நோய் வந்தது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கூட்டத்தில் நான் பேசியபோது இரண்டு அம்மாக்கள் அழுதார்கள். நோயெதிர்ப்பு குறைந்த குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது நானே கைக்குட்டையை எடுத்தேன், அதில் நடிப்பு இல்லை. என் பேச்சைக் கேட்டு ஏழு குடும்பங்கள் போய்ப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தன. அது நான்காம் வகுப்பில் இல்லை, கீழ் வகுப்புகளில், ஆகவே எனக்கு அதனால் பிரயோசனமில்லை. ஆனாலும் உங்கள் அறிக்கையில் அதையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்து புதன்கிழமை போயிற்று. எங்கள் பள்ளியில் வாக்கெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரலை மேலே காட்டினால் சம்மதம், படுக்கையாகக் காட்டினால் பொறுத்துக்கொள்கிறேன் என்று பொருள், கீழே காட்டினால் மறுபடியும் முதலிலிருந்து. கடைசியில் எல்லோருக்கும் இடுப்பு வலித்துப்போய் ஒரு முடிவுக்கு வந்தோம். விலக்கு இருக்கும், ஆனால் விலக்குக் கேட்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு மாலை வந்து ஒரு செவிலியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். டாம்ஸின் கட்டைவிரலைப் படுக்க வைத்தாள். என்னைப் பார்த்துப் புன்னகை வேறு செய்தாள். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

நாடகத்துக்கு அப்போது பதினாறு நாள் இருந்தது.

அந்த முடிவோடு எங்களுக்கெல்லாம் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். உங்கள் அலுவலகம் அச்சிட்டதுதான். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: பள்ளியில் யாருக்காவது தட்டம்மை என்று சந்தேகம் வந்தால், அவரோடு ஒரே அறையில் இருந்த, ஊசி போட்ட அத்தாட்சி இல்லாத பிள்ளைகள் பரிசோதனை முடிவு தெரியும்வரை வீட்டில் இருக்க வேண்டும். உறுதியானால் இருபத்தொரு நாள். இருபத்தொரு நாளெல்லாம் எனக்கு அதிகம். நாடகம் வெள்ளிக்கிழமை மாலை. வியாழன் காலை முதல் சனிக்கிழமை வரை போதும். நான் பேராசைக்காரி இல்லை.

யாருக்காவது என்றால் யாருக்கு என்று யோசித்தேன். பிள்ளைகள் யாரையும் நான் தொடமாட்டேன். அந்த எல்லையை நான் கடைசிவரை தாண்டவில்லை, இதைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வேண்டாம், நாடகமே நின்றுவிடும். ஆனால் செவ்வாய்க்கிழமை சூப்புக்கு நான்காம் வகுப்பில் பார்லி கிளற வருகிற அப்பா ஒருவர் இருக்கிறார். ஐந்து மணி நேரம் அந்தப் பிள்ளைகளோடு ஒரே அறையில் இருப்பார். எல்லோருக்கும் பிடித்தவர். சொன்னால் சொன்னபடி கேட்பார். தோல் மட்டும் கொஞ்சம் மென்மை.

முந்தைய வெள்ளிக்கிழமை காலை நான் நடக்கப் போனேன். தினமும் நடக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். பள்ளிக்குப் பின்னால் ஓடைக்குப் போகிற சரிவில் நடந்தேன். குளிராக இருந்ததால் கையுறை போட்டுக்கொண்டேன். இரண்டு ஜோடி. அந்தச் சரிவு முழுக்க விஷ ஓக் செடிதான், மூன்று மூன்று இலையாக, வசந்தத்தில் எண்ணெய் தடவின மாதிரி மினுமினுக்கும். இங்கே பிறந்த குழந்தைக்குக்கூட அதைத் தொடக்கூடாது என்று தெரியும். பட்டால் இரண்டு மூன்று நாளில் சிவந்து தடித்துக் கொப்புளமாகும். வேடுக்கு அதன் நிழல் பட்டாலே வரும் என்று எங்கள் வீட்டில் கேலி செய்வோம். ஒரு காகிதப் பை நிறையப் பறித்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை துண்டு துவைக்கிற நாள்.

நீங்கள் இதைக் கண்டுபிடித்த விதத்தை நான் பாராட்டுகிறேன், மிஸ் பெட்டிக்ரூ. மற்றவர்கள் வேடுடைய முகத்தைப் பார்த்துப் பதறினார்கள், நீங்கள் கணுக்காலைப் பார்த்தீர்கள். செடிக்குள் நடந்தவனுக்குக் காலிலும் கையிலும்தான் முதலில் வரும், இவருக்கு அங்கே சுத்தமாக இருக்கிறது, முகம், கழுத்து, அக்குள், முதுகு என்று வந்திருக்கிறது, ஒரு மனிதன் குளித்துவிட்டு எந்த வரிசையில் துடைத்துக்கொள்வானோ அதே வரிசை என்று சொன்னீர்கள். பிறகுதான் அந்த முதல் கேள்வியைக் கேட்டீர்கள். எனக்கு அப்போதே உங்கள்மேல் மரியாதை வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை அவர் கழுத்தில் நாலைந்து சிவப்பு இருந்தது. வேர்க்குரு என்று சொல்லி அனுப்பி வைத்தேன். போய்ச் சூப் கிளறிவிட்டு வந்தார். புதன்கிழமை காலை முகம் பன் மாதிரி உப்பிவிட்டது. கண் இரண்டும் வெறும் கோடு.

"கோரின், இது விஷ ஓக்," என்றார். "நான் இங்கயே பொறந்து வளந்தவன், எனக்குத் தெரியாதா?"

"சரி. இந்த வாரம் செடி கொடின்னு எங்கயாவது போனியா?"

"இல்ல."

"கையில இருக்கா? கால்ல இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி விஷ ஓக்?"

வேட் யோசித்தார். அவர் நியாயமான மனிதர், ஆதாரம் இல்லாத இடத்தில் பிடிவாதம் பிடிக்க மாட்டார்.

"தட்டம்மைன்னு சொல்ல வர்றியா? எனக்குச் சின்ன வயசுலயே ஊசி போட்டாச்சும்மா."

"சீட்டு இருக்கா?"

"நாப்பது வருஷத்துக்கு முந்தின சீட்டு யாருகிட்ட இருக்கும்?"

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றேன்.

மருத்துவமனைக்குப் போன் செய்து சந்தேகத்தைச் சொன்னேன். உள்ளே வர வேண்டாம், வண்டி நிறுத்துமிடத்திலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அது எனக்கு வசதியாகப் போயிற்று. உள்ளே போயிருந்தால் வாசலைத் துடைக்கிறவரே பார்த்துவிட்டு விஷ ஓக் என்று சொல்லியிருப்பார். முகமூடி, கண்ணாடி, நீல அங்கி என்று விண்வெளிக்குப் போகிற மாதிரி ஒருவர் வந்து, கார் ஜன்னலை நான்கு விரல் இறக்கச் சொல்லி, ஒரு குச்சியை உள்ளே நீட்டி வேடுடைய தொண்டையில் துழாவிவிட்டு ஓடினார். முடிவு திங்கட்கிழமை வரும் என்றார்கள். வேட் அரிப்புத் தாங்காமல் இருக்கைப் பட்டையில் முதுகைத் தேய்த்துக்கொண்டே வந்தார். எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருந்தது. வழியில் அவருக்குப் பிடித்த எலுமிச்சைப் பனிக்கூழ் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு பள்ளி அலுவலகத்துக்கு, டோலோரஸுக்குப் போன் செய்தேன். நான் பொய் சொல்லவில்லை. முகத்தில் தொடங்கிச் சிவப்பு கீழே இறங்குகிறது என்றேன், கண் சிவந்திருக்கிறது என்றேன், மருத்துவமனையில் பரிசோதனைக்கு எடுத்திருக்கிறார்கள் என்றேன், நேற்று உங்கள் பிள்ளைகளுக்குச் சூப் ஊற்றியது அவர்தான் என்றேன். நான் மருத்துவர் இல்லை என்றும் சொன்னேன். மற்றதை டோலோரஸ் தானாகவே செய்தாள், உங்கள் அலுவலகமும் தானாகவே செய்தது.

வியாழன் காலை பள்ளி வாசலில் கார் வரிசை சாலைவரை நின்றது. டோலோரஸ் கையில் பட்டியலோடு ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்றாள். வேடும் நானும் பக்கத்து வீட்டாருக்குக்கூடக் கையசைக்காமல் விலகி இருந்தோம் என்பதை எல்லோரும் அறிவார்கள், ஆகவே நான் மார்கிட்டை அழைத்துக்கொண்டு தள்ளித்தான் நின்றேன். என்னிடம் ஒரு பை இருந்தது. அதில் மார்கிட் அளவுக்குத் தைத்த தேனீ ராணி உடுப்பு இருந்தது. பிப்ரவரியில் தைத்தது. வெள்ளிப் பொட்டு வைத்தது, எண்பத்து நான்கு.

"பேரு வாசிக்கிறேன்," என்றாள் டோலோரஸ். "வாசிச்ச பிள்ளைங்க வீட்டுக்குப் போகணும். என்கிட்ட கோவிச்சுக்காதீங்க, அட்டை இருந்தா காட்டுங்க, உள்ள விடறேன்."

கரடி போயிற்று. ஐந்து வேலைக்காரத் தேனீக்கள் போயின. சூரியகாந்தி போயிற்று. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை அழுதது, ஒரு அப்பா சட்டம் பேசினார். "இண்டிகோ ஓர்லாஃப்," என்றாள் டோலோரஸ். நான் மூச்சை நிதானமாக விட்டேன். பையின் வாயைத் திறந்தேன்.

"மார்கிட் ஹாஸ்கெல்," என்றாள் அடுத்து.

தவறாக வாசித்துவிட்டாய் என்று சொல்லிக்கொண்டே பெட்டிக்குப் பக்கத்தில் போனேன். ஆறு அடி தள்ளி நில்லு என்று நாலு பேர் கத்தினார்கள். டோலோரஸ் கோப்பைத் திருப்பிக் காட்டினாள். நான்கு வருடத்துக்கு முந்தின படிவம். பின்பக்கத்தில், 'என் நம்பிக்கைக்கு இது ஒவ்வாது' என்ற வரிக்குக் கீழே, ஊதா மையில், என் கையெழுத்து.

பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. சேர்க்கைக்குக் கடைசி நாள், தடுப்பூசி அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் போய் எடுத்து வரலாம் என்றால் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. "எதுக்கு அலையறீங்க, கோரின்," என்று இதே டோலோரஸ்தான் சொன்னாள். "பின்னாடி ஒரு கையெழுத்தப் போட்டுட்டுப் போங்க. பாதிப் பேரு அப்படித்தான் போடறாங்க." நானும் போட்டேன். ஐந்து மாலை கூட்டத்தில் விலக்குக்காரர்களை நான் விளாசினபோதெல்லாம், நானும் கணக்கில் ஒரு விலக்குக்காரிதான். அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி என் மகள்.

பையின் வாயை மூடினேன். ரஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களா, கோரின்?" என்று மட்டும் கேட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் அந்தப் பக்கம் வேறு ஒரு சலசலப்பு. டாம்ஸின் ஒரு நிமிடம் அசையாமல் நின்றாள். இண்டிகோ ராணிக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். டாம்ஸின் மெதுவாகத் தன் காருக்குப் போனாள். நாய் பிஸ்கட் பைக்கு அடியிலிருந்து மடித்த மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்தாள். யாரையும் பார்க்காமல் டோலோரஸிடம் நீட்டினாள்.

டோலோரஸுக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது. "எல்லா ஊசியும் போட்டிருக்கே," என்றாள். "ரெண்டு தவணை, ஒண்ணு விடாம. காய்ச்சல் ஊசிகூட வருஷா வருஷம் போட்டிருக்கீங்க."

கார் வரிசையில் ஒவ்வொரு ஜன்னலாக இறங்கியது.

"அவ தாத்தா டாக்டர்," என்றாள் டாம்ஸின். "அவரு ஒரு மாதிரி. அப்புறம் நாங்க பிரேசில் போக வேண்டியிருந்துச்சு." அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு மேலும் சொன்னாள்: "அது அவ உடம்பு. இது என் கருத்து. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

இண்டிகோ உள்ளே போனாள். மார்கிட்டும் நானும் வீட்டுக்கு வந்தோம்.

அட்டை வீட்டில்தான் இருந்தது. அதைக் காட்டினால் மார்கிட்டை உள்ளே விட்டுவிடுவார்கள், இண்டிகோ இருப்பதால் ராணி இல்லாவிட்டாலும் கரடியாவது கிடைக்கும். கரடி வீட்டுக்குப் போய்விட்டதே, பதினாறு வரி. ஆனால் எங்கள் வீட்டில் காகிதங்களை எடுத்து வைப்பது வேட். எது எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும், அவருடைய ஒழுங்கு யாருக்கும் புரியாத ஒழுங்கு. நூற்றுக்கணக்கான உறைகள், எதிலும் பெயர் எழுதியிருக்காது.

"பாத்தா சொல்லிடுவேன்," என்றார் வேட், இரண்டு கண்ணும் மூடிக்கிடக்க. "ஒரு மாதிரி பழுப்பு உறை. ஓரத்துல கறை இருக்கும்."

அன்று முழுக்க ஒவ்வொரு உறையாக அவர் கையில் கொடுத்தேன். தடவித் தடவிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். சலவை இயந்திரத்தின் கையேடு கிடைத்தது. செத்துப்போன பூனையின் தடுப்பூசி அட்டை கிடைத்தது, அத்தனை ஊசியும் போட்டிருந்தது. எங்கள் திருமணச் சான்றிதழ் கிடைத்தது, அதை அவர் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். மார்கிட்டின் மருத்துவர் ஓய்வுபெற்றுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார், பழைய பதிவேட்டைத் தேடித் தர பத்து வேலை நாளாகும் என்றார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நாடகம் தொடங்கியபோது நான் இன்னும் தரையில் உட்கார்ந்து உறை பிரித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை வேடுக்கு இடது கண் ஒரு கீற்றுத் திறந்தது. உடனே, "அதோ, அதுதான்," என்றார்.

நாடகம் பாதிக் கூட்டத்தோடு நடந்ததாம். ராணிக்கு இரண்டு தேனீதான். மழையை ரஸ் பெய்யவைத்தாராம், நேரம் தெரியாமல் கடைசிக் காட்சி முழுக்க விடாமல் பெய்து ஒருவர் வசனமும் காதில் விழவில்லையாம். திங்கட்கிழமை பரிசோதனையில் தட்டம்மை இல்லை என்று வந்தது. செவ்வாய்க்கிழமை நீங்கள் வந்தீர்கள்.

ஆகவே இதோ எழுதித் தருகிறேன். என் கணவர் வேட் ஹாஸ்கெலின் குளியல் துண்டில் விஷ ஓக் இலையைத் தேய்த்தவள் நான். அது தட்டம்மை இல்லை என்று தெரிந்தே பள்ளிக்குத் தகவல் சொன்னவள் நான். ஒன்பது பிள்ளைகள் தங்கள் நாடகத்துக்குப் போக முடியாமல் வீட்டில் அழுததற்குக் காரணம் நான்தான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. மார்கிட் அழவில்லை, ஆகவே பத்து என்று எழுத என் மனசாட்சி இடம் தரவில்லை.

வேடிடம் நானே சொன்னேன்.

"எந்தத் துண்டு?" என்றார்.

"நீலம்."

"அது எனக்குப் பிடிச்ச துண்டு, கோரின்."

இப்போது தன் துண்டைத் தானே துவைத்துத் தானே மடித்து வைத்துக்கொள்கிறார். மூலை சேரவில்லை, நான் சொல்லவும் இல்லை.

பெற்றோர் கூட்டம் மறுபடி கூடியது. கோடை விடுமுறைவரை நான் பள்ளி வளாகத்துக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்று தீர்மானம். அத்தனை கட்டைவிரலும் மேலே போயிற்றாம், படுக்கையாக ஒன்றுகூட இல்லையாம். அப்படி எல்லோரும் ஒத்துப்போனது பள்ளிக்கு இதுவே முதல்முறை என்று டோலோரஸ் போனில் சொன்னாள். அந்த ஒற்றுமைக்கு நான் ஒரு காரணம் என்று யாரும் நினைத்துப் பார்க்கப் போவதில்லை.

வருகிற சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்காக நாடகத்தை மறுபடி போடுகிறார்கள். மனம் கேட்காமலோ என்னவோ, டாம்ஸின் இந்த முறை ராணி வேடத்தை மார்கிட்டுக்கே விட்டுக்கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினாள். நூற்று நாற்பது வரியும் மார்கிட்டுக்குத் தெரியும். உடுப்பும் தயாராக இருக்கிறது. ஆனால் நான் பார்க்காத நாடகத்தில் என் மகள் யாருக்காக ராணியாக நிற்பாள்? அது அந்தக் குழந்தைக்குச் செய்கிற கொடுமை. நான் என் ஆசையை விட்டுக்கொடுத்தேன். இண்டிகோவே ராணியாக இருக்கட்டும் என்று பதில் அனுப்பிவிட்டு, மார்கிட்டைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, மனதைத் திடப்படுத்திக்கொள், உனக்கு மழைதான் என்று சொன்னேன்.

அவள் என்னையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு எழுந்து பின்பக்கத் தோட்டத்துக்கு ஓடினாள். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு ஆப்பிள் மரத்தைச் சுற்றிச் சுற்றிக் குதித்துக் கத்தினாள், மூச்சு வாங்குகிற வரைக்கும். ஒன்பது வயதுக் குழந்தை இவ்வளவு துக்கத்தை எப்படித்தான் தாங்குமோ என்று எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. சமையலறை ஜன்னலில் என் பக்கத்தில் நின்ற வேட், அவள் சந்தோஷத்தில் குதிக்கிறாள் என்கிறார். அவருக்கு இன்னும் வலது கண் சரியாகத் திறக்கவில்லை.